சுங்குடி மாஸ்க்

கடையில வாங்கினதா கண்ணு, அது? அதானே பார்த்தேன். பஸ்ஸுல ஏறி உக்காந்ததுல இருந்து காதுக்குப் பின்னாடி விரலை விட்டுச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கே. மட்டமான எலாஸ்டிக். தூசி ஒத்துக்காதா உனக்கு? எங்க தெருவுலயும் ஒரு பொண்ணு இருக்கா, கோழித் தீவனக் கடையில வேலை, வருஷம் பூரா மாஸ்க்கோடதான் திரியறா. தப்பில்ல. ஆனா துணி மாஸ்க் போடணும் அம்மிணி. நாடா வெச்சு, தலைக்குப் பின்னாடி முடிச்சுப் போடற மாதிரி. காது தப்பிச்சுக்கும்.

தாராபுரமா? நானும் அங்கதான். ஜன்னலோரத்தைப் பிடிச்சுக்கிட்டேன்னு நினைக்காதே, மடியில பொட்டலம் இருக்கு, கசங்கிடக் கூடாது. முன்சீட்டுக் குழந்தையைப் பாரு, அவங்கம்மா தோள்ல ஏறி நின்னுக்கிட்டு உன்னையே முறைக்குது. மாஸ்க்கைத்தான் பார்க்குது. குழந்தைங்க அப்படித்தான். துணியைத்தான் பார்க்கும். ஆளைப் பார்க்காது. இது எனக்கு நல்லாத் தெரியும்.

நான் டெய்லர். ஜாக்கெட் மட்டும்தான். துளசிமணி ஜாக்கெட்னா எங்க ஏரியாவுல தனிப் பேரு. லாக்டவுன் வந்துச்சு பாரு, கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல, யாரு ஜாக்கெட் தைப்பா? மெஷின் சும்மா நின்னுச்சு. மெஷின் சும்மா நின்னா எனக்குக் கை அரிக்கும். வெட்டுத்துணி மூட்டையை அவுத்து மாஸ்க்காத் தைச்சுத் தள்ளிட்டேன். எலாஸ்டிக் எந்தக் கடையிலயும் கிடைக்கல. பழைய பனியனைக் குறுக்கால நறுக்கி ஒரு இழு இழுத்தா, அதுவே சுருண்டு நாடாவாயிடும். அதை வெச்சுத் தைச்சேன். பால்காரர், குப்பை வண்டிக்காரம்மா, ரேஷன் கடைக்காரர், எல்லார் மூஞ்சியிலயும் என் தையல்தான். யாரு வாயில யாரு வீட்டு ஜாக்கெட்டுத் துணி இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மேட்டு வீட்டு அண்ணன் வாயில அவரு சம்பந்தியம்மா ஜாக்கெட்டு. நான் யாருகிட்டயும் சொல்லல. மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன்.

ஊருக்குச் செஞ்சேன், நல்ல பேரு. வீட்டுக்குச் செஞ்சேன், அதுதான் எனக்கு வினையாப் போச்சு.

என்னோட தம்பி பூபதி. அம்மா போனதுக்கப்புறம் நான் வளர்த்த பையன். நடுவுல எனக்கொரு கல்யாணம் பண்ணி அனுப்பினாங்க. குழந்தை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கதை இப்ப எதுக்கு. தம்பி பொண்டாட்டி கோகிலா. நர்ஸு. ஆஸ்பத்திரியில ஒப்பந்த வேலை. மதுரைப் பக்கத்துப் பொண்ணு. நல்லவதான். யாரு கேட்டாலும் நல்லவன்னுதான் நான் சொல்வேன். கொஞ்சம் அழுத்தம். என்ன பேசினாலும் பதில் வராது. அப்படியே பார்த்துக்கிட்டு நிப்பா.

அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. தன்ஷிகான்னு பேரு வெச்சாங்க. என் வாயில நுழையாது, நான் தங்கம்னுதான் கூப்பிடுவேன். குழந்தைக்குத் தலை நின்னு, மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்ச நேரத்துல இவளை வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. கொரோனா வார்டு.

"வேலையை விட்டுடு"ன்னு சொன்னேன்.

"அங்க ஆளே இல்லக்கா"ன்னா.

"இங்க ஆளிருக்கா? இது உன் குழந்தைதானே?"

அவ பூபதியைப் பார்த்தா. அவன் செல்போனைப் பார்த்தான்.

சரி, போ. ஆனா வீட்டுக்குள்ள வர்றதுக்கு ஒரு முறை இருக்குதுன்னு சொல்லிட்டேன். பின்வாசல் வழியா வரணும். அங்கயே குளிக்கணும். மாடி ரூம்ல படுத்துக்கணும். தட்டு, டம்ளர் தனி. வீட்டுக்குள்ள கால் வெச்சா மாஸ்க். குழந்தையைத் தொட்டாக் கட்டாயம் மாஸ்க். இதுல என்ன தப்பு சொல்லு? டிவியில சொன்னதைத்தான் நானும் சொன்னேன். டிவியில சொன்னாக் கேக்கறாங்க, துளசிமணி சொன்னாக் கொடுமைக்காரியாம்.

அவ மாஸ்க் மத்தவங்க மாஸ்க்கோட கலந்துடக் கூடாதில்ல? எல்லாத்தையும் ஒரே துணியில தைச்சுட்டா, கொடியில பார்த்ததுமே தெரியும், இது அவளுது, தொடாதேன்னு. அவ பீரோவைத் திறந்தேன். பச்சையில வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை ஒண்ணு சும்மா மடிச்சு வெச்சிருந்தா. அசல் பருத்தி. மடிச்சுத் தைச்சா காத்துகூட என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள போகும். வெட்டிட்டேன்.

கேக்காம வெட்டினீங்களான்னு உன் கண்ணு கேக்குது. கேட்டாக் குடுப்பாளா? அவங்கம்மா கடைசியா எடுத்துக் குடுத்த சேலையாம். அந்தம்மா பேத்தி மூஞ்சியைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையைத் தூக்கிட்டு வந்தப்போ இவ அதைத்தான் கட்டியிருந்தா. அதுக்காகப் பூட்டி வெச்சுப் பூஜை பண்ண முடியுமா? சேலை சேலைதானே.

தைச்சு, தேய்ச்சு, அடுக்காக் குடுத்தேன். ஒண்ணைக் கையில எடுத்தா. புள்ளியைக் கட்டைவிரலால தடவினா.

"அக்கா, இது..."

"குழந்தைக்காக"ன்னேன்.

அவ்வளவுதான். எடுத்துக் கட்டிக்கிட்டுப் படியேறிப் போயிட்டா. ஒரு நன்றி? சொன்னேனில்ல, அழுத்தம்.

பால் குடுக்கறதையும் நிறுத்திடுன்னு சொல்லிப் பார்த்தேன். "மாஸ்க் போட்டுக்கிட்டுக் குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கக்கா"ன்னா. "டாக்டரம்மா வந்து நம்ம வீட்டுல விடிய விடிய உக்காருவாங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நாள் குடுத்தா. குழந்தை குடிச்சுக்கிட்டே அண்ணாந்து அந்தப் புள்ளியையே பார்க்கும். கையை நீட்டி நீட்டித் தொடும். அப்புறம் ஒரு வாரம் வார்டு, ஒரு வாரம் லாட்ஜுல தனியா, நடுவுல நாலு நாள் வீடுன்னு அவளுக்கு மாத்திட்டாங்க. குழந்தை புட்டிக்கு வந்துடுச்சு, என் மடிக்கும் வந்துடுச்சு. இவ வீட்டுக்கு வர்ற நாள்ல பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சு நிக்கும். பார்க்க நல்லாவா இருக்கு? அந்தச் சேலைத் துண்டையே மடிச்சு, உள்ள வெச்சுக்கறதுக்குத் தைச்சுக் குடுத்தேன். எந்த நாத்தனார் செய்வா, நீயே சொல்லு.

காங்கேயம் வந்தா டீ குடிக்க நிறுத்துவாங்களா? நிறுத்த மாட்டாங்களா? சரி.

அவ லாட்ஜுல இருந்த சமயம். ஒரு சாயங்காலம் குழந்தை அழுகையை நிறுத்தவே மாட்டேங்குது. புட்டி வேண்டாங்குது, கிலுகிலுப்பை வேண்டாங்குது, பூபதி தூக்கினா அவனை உதைக்குது. எனக்கு என்ன தோணுச்சோ, மெஷின் மேல கிடந்த சுங்குடி மாஸ்க் ஒண்ணை எடுத்து என் மூஞ்சியில கட்டினேன். அழுகை டக்குனு நின்னுடுச்சு கண்ணு. விக்கிக்கிட்டே என்னைப் பார்த்துச்சு. கையை நீட்டிப் புள்ளியைத் தொட்டுச்சு. அப்புறம் தலையை என் தோள்ல சாய்ச்சுக்கிச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அது அவளைத் தேடவே இல்ல. துணியைத்தான் தேடியிருக்கு. நாங்க எல்லாரும் பாவம், அம்மாவைத் தேடுதுன்னு நினைச்சு வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தோம்.

அதுல இருந்து எனக்கும் அதே துணியில ரெண்டு மூணு தைச்சுக்கிட்டேன். சோறூட்டறப்போ, தூங்க வைக்கறப்போ கட்டிக்குவேன். பூபதி ஒருநாள் பார்த்துட்டு, "என்னக்கா இது"ன்னான். "குழந்தை அழுதா நீ வந்து பார்க்கறியா?"ன்னேன். போயிட்டான். அவன் தங்கமான பையன், சொன்னாப் புரிஞ்சுக்குவான்.

ஒருநாள் நான் மாஸ்க்கோட உக்காந்திருக்கேன், தங்கம் தவழ்ந்து வந்து முட்டியைப் பிடிச்சு எழுந்து நின்னுக்கிட்டு "அம்மா"ன்னுது. முதல் வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பூபதியைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொன்னேன். மறுபடியும் சொல்லுச்சு. அதைக் கோகிலாவுக்கு அனுப்புடான்னேன். பெத்தவ, லாட்ஜுல தனியாக் கிடக்கறா, பார்த்துச் சந்தோஷப்படட்டும்னுதான். பார்த்துட்டா, ரெண்டு டிக் நீலமாயிடுச்சு. ஒரு வார்த்தை பதில் போடல. என்ன மனசோ.

இன்னொண்ணு சொல்லணும். அவ மாஸ்க்கை மட்டும் தனிச் சட்டியில சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பேன். அவ வீட்டுல இருக்கற வரைக்கும் தினமும். நோய் சாகணுமில்ல? சுங்குடிச் சாயம் அந்தக் கொதி தாங்காது. வெளுத்து வெளுத்துக் கடைசியில புள்ளி எது, துணி எதுன்னே தெரியல, சாம்பல் கணக்கா ஆயிடுச்சு. என்னுது பச்சைப் பசேல்னு இருக்கும். நான் எங்க வெளிய போறேன்? பச்சைத் தண்ணியில அலசிப்போட்டாப் போதும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

அப்புறம் ஊசி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத்தான் முதல்ல போட்டாங்க. வார்டும் காலியாயிடுச்சு. இவ வந்து, "டெஸ்ட்டும் எடுத்தாச்சுக்கா, ஊசியும் போட்டாச்சு. இனிமே வீட்டுல மாஸ்க் வேண்டாம்"ன்னா. அவ இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. சரிம்மா, உன் இஷ்டம்னேன்.

குழந்தைக்கு முதல் பொறந்தநாள் அன்னைக்கு அது. தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டிருந்தோம். எதுத்த வீட்டுச் செல்லாத்தா வந்திருந்தா, அவளுக்கு வாய் ஜாஸ்தி. இவ தலைக்குக் குளிச்சு, புதுச்சேலை கட்டி, பூ வெச்சுக்கிட்டு, வெறும் மூஞ்சியோட வந்து குழந்தைக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்து ரெண்டு கையையும் நீட்டறா. "வா பாப்பா, அம்மாகிட்ட வா."

குழந்தை பார்த்துச்சு. உதட்டைப் பிதுக்குச்சு. அப்புறம் ஒரு வீறல் வீறுச்சு பாரு, கேக்கு வெட்ட வந்த பிள்ளைங்கல்லாம் காதைப் பொத்திக்கிச்சுங்க.

"ஏம்மா கோகிலா, யாரோ பிள்ளைபிடிக்கிறவன்னு நினைச்சுக்கிச்சாட்ட இருக்குது"ன்னு செல்லாத்தா சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிப்பு வந்தாச் சிரிக்கக் கூடாதா?

"துளசி, நீ கூப்பிடு பார்க்கலாம், யாரு அம்மான்னு குழந்தையே சொல்லட்டும்"னா செல்லாத்தா.

நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவங்க விடல. இடுப்புல இருந்த மாஸ்க்கை எடுத்துக் கட்டிக்கிட்டு, "தங்கம்"னு ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். தத்தித் தத்தி விழுந்தடிச்சு வந்து கழுத்தைக் கட்டிக்கிச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. இவ நீட்டின கையை மடக்காம அப்படியே உக்காந்திருந்தா. பூபதி வந்து, "எந்திரி, எல்லாரும் பார்க்கறாங்க"ன்னான்.

மறுநாள் மெஷினுக்குப் பக்கத்துல வந்து நின்னா.

"அக்கா, அந்தச் சேலையில மிச்சம் இருந்தா ஒண்ணே ஒண்ணு தைச்சுக் குடுங்க. என்னுதெல்லாம் வெளுத்துடுச்சு. பாப்பாவுக்கு அடையாளம் தெரியல."

"நீதான் இனிமே மாஸ்க் வேண்டாம்னியேம்மா?"

"அவளுக்குப் பழகற வரைக்கும்தான்கா."

"துணி தீர்ந்துபோச்சு"ன்னேன்.

முந்தானை முழுசா இருந்துச்சு. மெஷினுக்கு அடியில பெட்டியில. ஆனா அதை வெட்ட மனசு வரல கண்ணு, அவ்வளவு அழகான முந்தானை. அதுவும் அவங்கம்மா குடுத்த சேலைன்னு அவளே சொல்லியிருக்கா. அதையும் வெட்டினா நாளைக்கு என்னைத்தானே குத்தம் சொல்வா?

அவ காலைக் கூட நகர்த்தல. "உங்களுது ஒண்ணு குடுங்கக்கா. ஒரு நாளைக்கு"ன்னா.

"ஒருத்தர் போட்டதை ஒருத்தர் போடக் கூடாது. நர்ஸு, உனக்குத் தெரியாதா?"ன்னேன். நான் சொன்னது சரிதானே? சரிதான்.

அதுக்கப்புறம் அவ பண்ணின பைத்தியக்காரத்தனத்தைக் கேளு. வெளுத்துப்போன மாஸ்க்ல ஒண்ணைக் கட்டிக்கிட்டு, சாயங்காலமானா மாடிப்படியில குழந்தையை எதுக்க உக்கார வெச்சுக்குவா. ஏதோ மதுரைப் பக்கத்துத் தாலாட்டு பாடுவா. முதல்ல குழந்தை முறைச்சுச்சு. குரலை வெச்சோ என்னமோ, மெதுவாப் பக்கத்துல போச்சு. அப்புறம் பார்க்கறேன், மாஸ்க் சின்னதாயிருக்கு. மேல் ஓரத்தை ஒரு விரக்கடை கத்தரிச்சு, நாடாவைத் திரும்பக் கையால தைச்சிருக்கா. கோணலும் மாணலுமாத் தையல். மூக்கு மேல் பாதி தெரியுது. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு விரக்கடை. மூக்கு முழுசாத் தெரியுது. குழந்தை சிணுங்கினா உடனே கையால மூடிக்குவா, பாட்டை நிறுத்த மாட்டா.

எனக்குச் சிரிப்பு தாங்கல. நானும் சும்மா இருக்கல, படிக்குக் கீழ நின்னு என் மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு "தங்கம்"னு ஒரு குரல் குடுப்பேன். விளையாட்டுக்குத்தான். குழந்தை திரும்பிப் பார்த்துட்டுக் படியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வந்துடும். மறுநாள் பார்த்தா, அவ வெட்டாத மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கிட்டு இருப்பா. நான் மறுபடி கூப்பிடுவேன். அவ மறுபடி முதல்ல இருந்து. என்கிட்ட ஒரு வார்த்தை, கூப்பிடாதீங்கக்கான்னு சொல்லியிருந்தா நான் கூப்பிட்டிருப்பேனா? வாயைத் திறந்தாத்தானே தெரியும்.

ஒருநாள் கூப்பிட்டேன், குழந்தை திரும்பல. அவ தாடையில ஒரு பட்டை மாதிரி துணி தொங்குது, மத்ததெல்லாம் வெறும் மூஞ்சி. தங்கம் அவ உதட்டுல விரலை வெச்சு அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கு. "தங்கம்"னேன். இன்னொரு தடவை சத்தமாக் கூப்பிட்டேன். காதுல விழல போல. அன்னைக்குக் காத்து வேற.

அந்த வாரமே கிளம்பிட்டா. தாராபுரத்துல தனியார் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருச்சாம். பூபதியும் கூடப் போயிட்டான். நான் வளர்த்த பையன். டெம்போவுல சாமான் ஏத்தறப்போ என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. குனிஞ்சுக்கிட்டே இருந்தான். அவனுக்கு என்னை விட்டுப் போற துக்கம். அவ மட்டும் உள்ள வந்தா. நான் தைச்சுக் குடுத்த மாஸ்க்கையெல்லாம் துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு, பெருசுக்கு மேல சின்னதா அடுக்கி, மெஷின் மேல வெச்சுட்டுப் போயிட்டா. வர்றேன்க்கான்னு கூடச் சொல்லல. நான் எதையும் வீணாக்கறவ இல்ல. மெஷினுக்கு எண்ணெய் துடைக்க அதைத்தான் வெச்சிருக்கேன். நல்லாத் துடைக்குது.

ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். ரெண்டு தடவையும் கதவு சாத்தியிருந்துச்சு. செருப்பெல்லாம் வாசல்லயே கிடந்துச்சு, சின்னச் செருப்புகூட. பாவம், ஏதோ அவசரத்துல வெறுங்காலோட எங்கயோ போயிருப்பாங்க. போன் அடிச்சா எடுக்கறதில்ல, அந்தப் பக்கம் டவர் சரியில்ல. தம்பி ஸ்டேட்டஸ் போட்டா எனக்கு வர்றதில்ல, என் போன் பழசு. செல்லாத்தா போன்ல வருது. அவதான் காட்டினா. தங்கம் யூனிபார்ம் போட்டுக்கிட்டு நிக்குது. பின்னாடி ஸ்கூல் பேரு பெருசாத் தெரியுது.

இன்னைக்குத் தங்கத்துக்குப் பொறந்தநாள். அதான் இந்தப் பொட்டலம். பிரிச்சுக் காட்டறேன் பாரு. கவுன். அந்த முந்தானையிலதான் தைச்சேன். கழுத்துக்குச் சுருக்கு, இடுப்புக்குப் பட்டை. அளவு எப்படித் தெரியும்னு கேக்கறியா? போட்டோவைப் பார்த்தாப் போதும் எனக்கு. கோகிலா பார்த்தாச் சந்தோஷப்படுவா, அவங்கம்மா சேலையில்ல? துணி தீர்ந்துபோச்சுன்னு நான் சொன்னதெல்லாம் அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது.

வீட்டுக்குப் போகல இன்னைக்கு. நேரா ஸ்கூல் வாசலுக்குத்தான். மணி அடிச்சு விடறப்போ நின்னாப் போதும். அவ வர்றதுக்குள்ள குழந்தையோட ரெண்டு வார்த்தை பேசிக்கலாம். இதோ, என் மாஸ்க்கையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். பாரு, சாயம் போகவே இல்ல. அதே பச்சை, அதே புள்ளி. வாசல்ல போய்க் கட்டிக்கிட்டு இருக்க முடியாது, இப்பவே கட்டிக்கறேன். பின்னாடி முடிச்சு நேரா இருக்குதா? ம்?

அட, முன்சீட்டுக் குழந்தைக்கு என்ன ஆச்சு? என்னத்துக்கு இப்படி அலறுது? அம்மிணி, என்னை முறைச்சா என்ன அர்த்தம், உன் குழந்தைக்குப் பசிக்குதோ என்னமோ, பாலைக் குடு.

நீ எதுக்குக் கண்ணு உன் மாஸ்க்கைக் கழட்டறே? தூசி ஒத்துக்காதுன்னே? குழந்தைக்குச் சிரிச்சுக் காட்டறியா? ம். நின்னுடுச்சே. பாரேன், உன் மூஞ்சியையே பார்க்குது. என்னைப் பார்த்தா மறுபடி அவங்கம்மா கழுத்துல போய் ஒளியுது.

சின்னக் குழந்தை, விவரம் தெரியாது. வீட்டுல பழக்கியிருக்க மாட்டாங்க. எங்க தங்கம் அப்படியில்ல. இந்தத் துணியைப் பார்த்துச்சுன்னா எத்தனை கூட்டத்துல இருந்தாலும் ஓடி வந்துடும்.

தாராபுரம் வந்துடுச்சு, தள்ளிக்கோ கண்ணு, நான் இங்கயே இறங்கிடறேன். ஸ்கூல் முன்னாடிதான் இருக்கு.